நம் விளையாட்டு அறைக்கு ஒரு மேசை

காரியாபட்டியில் எங்கள் தெருத் திண்ணையில் கேரம் போர்டைப் போட்டாலே, “பொழப்பத்த பயலுக” என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஸ்நூக்கர் என்றால் கேட்கவே வேண்டாம். அது சூதாட்டம், இல்லையேல் சீமான்களின் பொழுதுபோக்கு. இத்தனைக்கும், 1875-இல் ஜபல்பூரில் பட்டாள அதிகாரிகளிடையே தோன்றிய அந்த ஆட்டத்துக்கு விதிகளை எழுதி மாட்டிய இடம் நம் உதகமண்டலம் கிளப், ஆண்டு 1882.

தோழர்களே, அதை நான் இயற்பியல் ஆய்வுக்கூடம் என்பேன். கேரமில் ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும், காயோ 5.5 கிராமுக்குள். ஆகவே நேராக மோதியபின்னும் ஸ்ட்ரைக்கர் காயின் பின்னாலேயே ஓடிக் குழியில் விழுந்து நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறது. ஸ்நூக்கர் மேசையில் பந்துகள் யாவும் சம எடை. வெள்ளைப் பந்து உருளாமல் வழுக்கிச் சென்று நேருக்கு நேர் மோதினால், தன் வேகத்தையெல்லாம் மற்றதற்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். நடுவுக்குக் கீழே கோலால் குத்தினால் மோதிவிட்டுத் திரும்பி வரும். மேலே குத்தினால் தொடர்ந்து ஓடும். கோல் நுனியில் சாக் தடவ மறந்தாலோ, குத்தே வழுக்கிவிடும்!

உந்த அழிவின்மை விதியை மனப்பாடம் செய்தே தேறியவன் நான். மதுரையில் ஒரு மேசையருகே அரைமணி நேரம் நின்றபோதுதான் அது புரிந்தது. கட்டணத்தைக் கேட்டதும் கோலைத் தொடாமலே பஸ் ஏறிவிட்டேன். பன்னிரண்டடி மேசை கேட்கவில்லை. ஏழடி பூல் மேசை ஒன்று நம் கல்லூரிக்குப் போதும் என்பதே என் கோரிக்கை.