பெயர் சொல்லி அழைத்தல்

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பிள்ளைகள் உளர். அவர்தம் தொழிலில் வழங்கும் ஒரு முறையைப் பெற்றோரும் அறிந்துகொள்ளுமாறு இம்மாதம் விளக்க முற்படுகிறோம்.

பைத்தான் என்னும் நிரல்மொழியை நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்மொழியில் பெரிய நிரலொன்றை ஒரே கோப்பில் எழுதிவிடுவதில்லை. வெவ்வேறு வேலைக்குரிய பகுதிகளை வெவ்வேறு கோப்புகளில் வைப்பர். அத்தகைய கோப்புக்கு மாட்யூல் என்று பெயர். வேண்டிய மாட்யூலை 'இம்போர்ட்' என்னும் கட்டளையால் நிரலின் தொடக்கத்திலேயே வரவழைத்துக்கொள்வது பொது வழக்கம்.

ஆயின், எது வேண்டும் என்பது எழுதும்பொழுது தெரியாவிடில் என் செய்வது? வரப்போகும் கோப்பு சிஎஸ்வி வகையா, ஜேசன் வகையா என்பது நிரல் ஓடும்பொழுதுதான் தெரியும் என்று கொள்வோம். அப்பொழுது மாட்யூலின் பெயரை எழுத்துத் தொடராக அமைத்து, 'இம்போர்ட்லிப்' என்னும் தொகுப்பிலுள்ள 'இம்போர்ட் மாட்யூல்' என்னும் செயற்கூற்றிடம் ஒப்படைத்தால், அது உரிய மாட்யூலைக் கொணர்ந்து தரும். 2009-இல் வந்த 3.1-ஆம் பதிப்பு முதல் இவ்வசதி உண்டு.

இது நடைபெறும் விதம் யாதெனில், அப்பெயருடைய மாட்யூல் முன்னரே வந்துள்ளதா என்று பைத்தான் முதலில் தன் பட்டியலைப் பார்க்கும். இருந்தால் அதனையே தந்துவிடும். இன்றேல் குறித்த அடைவுகளில் தேடும். கிடைத்ததும் அதனைப் பட்டியலிற் பதிந்துகொண்டு, அக்கோப்பிலுள்ள கட்டளைகளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை இயக்கும். கிடைக்காவிடில் பிழை என்று அறிவிக்கும்.

ஈண்டு ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மாட்யூலை வரவழைத்தல் என்பது அதன் கட்டளைகளை இயக்குதலே ஆகும். வெளியார் ஒருவர் தட்டச்சிட்டனுப்பும் பெயரை ஆராயாமல் அப்படியே அழைத்தால், அவர் விரும்பும் கோப்பை நம் கணிப்பொறியில் அவரே இயக்கியதற்கு ஒப்பாகும். முன்பின் அறியாதவர் சொன்ன பெயரை நம்பி நம் வீட்டுக் கதவைத் திறப்போமா? ஆதலின், இசைவளித்த பெயர்களை மட்டும் ஒரு பட்டியலாக வகுத்து, வந்த பெயர் அதனுள் இருந்தாலன்றி அழைக்கலாகாது.

இன்னொரு குறையும் உண்டு. நிரலை இயக்காமலே ஆராயும் கருவிகளுக்கு, எழுத்துத் தொடரினுள் மறைந்துள்ள பெயர் எளிதிற் புலப்படுவதில்லை. மாட்யூலின் பெயரை மாற்றியவர் இவ்விடத்தில் திருத்த மறந்தால், தவறு நிரல் ஓடும்பொழுதே வெளிப்படும். அந்நேரம் பயன்படுத்துவோர் கையில் அது சேர்ந்திருக்கவும் கூடும்.

முன்னரே தெரிந்ததைத் தொடக்கத்தில் வெளிப்படையாக அழைப்பதே நன்று. தெரியாததற்கு மட்டுமே இம்முறை உரியது. நிரல் எழுதும் பிள்ளை இல்லத்தில் இருப்பின், "அழைக்கும் பெயர் எங்கிருந்து வருகிறது?" என்று ஒருமுறை வினவிப் பாருங்கள்.