சிக்கலான வாக்கியம் புலமைக்குச் சான்றா?

வாக்கியம் நீண்டு பின்னிக் கிடந்தால்தான் ஆராய்ச்சி, எளிதாகப் படிக்க முடிந்தால் அது வெறும் பத்திரிகைக் கட்டுரை என்ற எண்ணம் தமிழ் ஆய்வேடுகளில் வேரூன்றியிருக்கிறது. இது தவறான எண்ணம், கேடானதும்கூட. வாக்கியத்தின் அமைப்பை அந்த இடத்தில் அது செய்ய வேண்டிய வேலைதான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருகிறது. எச்சங்களும் அடைகளும் அதற்கு முன்னால் அடுக்கப்படுகின்றன. படிப்பவர் அத்தனையையும் நினைவில் தாங்கிக்கொண்டு முற்றுக்காகக் காத்திருக்கிறார். காத்திருந்ததற்குப் பலன் கிடைக்க வேண்டும். “சோழர் காலத்தில் நிலவிய நீர்ப்பாசன முறைகளை ஆராய முற்படும் இவ்வாய்வானது அவற்றின் பல்வேறு கூறுகளை விளக்கும் நோக்கில் அமைந்துள்ளதாகக் காணப்படுகின்றது எனலாம்” என்பது போன்ற வாக்கியத்தில் கிடைப்பது ஒன்றே: இது சோழர் காலப் பாசனம் பற்றிய ஆய்வு. தன் ஆய்வின் பொருளைச் சொல்வதற்கே ‘எனலாம்’ என்று தயங்குபவர் எதைத்தான் உறுதியாகச் சொல்வார்?

நீளம் தேவைப்படும் இடங்களும் உண்டு. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் முன்பு கடற்கரையில் இருந்தது என்பது நெடுங்காலக் கருத்து. கடற்கரையை ஒட்டிய சாந்தோமில் கோயில் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இதை ஆராய்பவர், “கல்வெட்டுகள் சாந்தோமில் கிடைத்திருந்தாலும், கற்கள் இடம் மாறக்கூடியவை என்பதால், கோயில் அங்கேதான் இருந்தது என்று முடிவுகட்ட வேறு சான்றும் வேண்டும்” என்று எழுதலாம். சான்றை ஏற்பதும், அதன் வரம்பைக் காட்டுவதும், முடிவை அளவோடு நிறுத்துவதும் இதில் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. மூன்றாக உடைத்தால் பற்று அறுந்துவிடும். இதுபோன்ற இடத்தில் சிக்கல் பொருளிலேயே இருக்கிறது. வாக்கியம் அதற்கு உண்மையாக இருக்கிறது.

அதே மயிலாப்பூரில் 1900இல் பிறந்தவர் மயிலை சீனி. வேங்கடசாமி. பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே ‘கிறித்தவமும் தமிழும்’ (1936), ‘பௌத்தமும் தமிழும்’ (1940), ‘சமணமும் தமிழும்’ (1954) ஆகிய நூல்களை எழுதினார். பழைய உரைகளில் மேற்கோளாக எஞ்சிய பாடல்களைத் தேடித் திரட்டி, அழிந்துபோன நூல்களுக்கென்றே ஒரு நூல் செய்தார். அவர் நடை எளிது. அதனால் அவருடைய ஆராய்ச்சியின் எடை எள்ளளவும் குறையவில்லை. எளிய நடைக்கு ஆழம் வராது என்பவர்கள் முதலில் அவரைப் படிக்கட்டும்.

பழைய உரையாசிரியர்களின் கடினத்தைத் துணைக்கு அழைப்பது வழக்கம். சேனாவரையர் கடினமானவர்தான். பிறர் கொள்கையை எடுத்துக்காட்டி, மறுத்து, தன் முடிவை நிறுவும் வாதத்தின் செறிவு அது. அந்த வாதத்தை விட்டுவிட்டு இறுக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வது மரபாகாது. மரபின் குரல் நன்னூலில் தெளிவாகவே இருக்கிறது: நூலுக்குரிய பத்து அழகுகளில் அது முதலில் வைப்பது சுருக்கத்தை, அடுத்து விளக்கத்தை.

குற்றம் மாணவர்களுடையது மட்டுமல்ல. தெளிவாக எழுதியதைத் தரக்குறைவு என்று திருத்தும் நெறியாளர்களும், பக்க எண்ணிக்கையைப் பார்த்து மதிப்பிடுவோரும் இந்தப் பழக்கத்தை வளர்க்கிறார்கள். ஆய்வேட்டைத் திருத்த உட்காரும் பேராசிரியர்கள் ஒவ்வொரு நீண்ட வாக்கியத்தின் எதிரிலும், “இந்த நீளம் எதற்கு?” என்று எழுதிக் கேட்க வேண்டும். விடை சொல்ல முடியாத வாக்கியத்தை அடித்துவிட வேண்டும்.