ஆம்புலன்ஸ் வரும் வரை...

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்காலைகளும் பிற ஆலைகளும் இரவு பகலாக இயங்குகின்றன. அங்கு பணியில் இருக்கும் தொழிலாளி ஒருவரின் இதயம் திடீரென நின்றுவிட்டால், அவர் பிழைப்பாரா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அருகில் நிற்பவரின் கைகள்தான்.

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் ரத்தம் தடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். அத்தகையோருக்கு ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே அவசரகால மாத்திரைகளை வழங்கும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் தொடங்கியது. ஆனால், இதயம் நின்று நினைவிழந்தவருக்கு மாத்திரையால் பயனில்லை. முதலுதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் இழந்த அந்த நிமிடங்களை மீட்க முடியாது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. மின்சாரம் பாய்ந்து விழுந்தவராயின் முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். 108-ஐ அழைத்துவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இதுவே சி.பி.ஆர். முதலுதவியின் அடிப்படை. ஏ.இ.டி. எனப்படும் தானியங்கி மின்னதிர்வுக் கருவி இதயத் துடிப்பை ஆராய்ந்து, தேவைப்பட்டால் மட்டுமே அதிர்வு அளிக்க அனுமதிக்கும். அடுத்த படியைக் குரல் வழியே சொல்லும்.

இதைக் கையாள மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் பாதுகாவலர்களுக்குப் பயிற்சி அளித்து நடத்தப்பட்ட ஆய்வு 2000-இல் வெளியானது. பிறர் கண்முன் சரிந்து, இதயம் தாறுமாறாகத் துடித்த நிலையில், 3 நிமிடங்களுக்குள் அதிர்வு பெற்றவர்களில் 74 சதவீதத்தினர் பிழைத்தனர். தாமதமாகப் பெற்றவர்களில் 49 சதவீதத்தினரே பிழைத்தனர். நம் ஆலை வாயில்களிலும் காவலர்கள் இருக்கிறார்கள். இல்லாதவை பயிற்சியும் கருவியுமே.

150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குச் சான்றிதழ் பெற்ற பொறுப்பாளர் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்தது. அந்தப் பொறுப்பை இக்காலத்துக்கேற்ப விரிவாக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் சி.பி.ஆர். பயின்ற சிலர் கட்டாயம் இருக்க வேண்டும். புலம்பெயர் தொழிலாளர்களுக்கு ஹிந்தியிலும் ஒடியாவிலும் பயிற்சி தேவை. தனியாக ஏ.இ.டி. வாங்க இயலாத சிறு ஆலைகளுக்கு, ஓடிச் சென்று எடுக்கும் தொலைவில் சிப்காட் பொதுக் கருவிகளை அமைக்கலாம். தீயணைப்புக் கருவியைப் பரிசோதிக்கும் அதிகாரி, ஏ.இ.டி.யின் மின்கலத்தையும் பரிசோதிக்கும் நிலை வர வேண்டும்.