வேலை கிடைத்துவிட்டால் நஷ்டஈடு எதற்கு?

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியவர்கள் பலர். அங்கே ஆட்குறைப்பில் வேலை போனால் என்ன கிடைக்கும் என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. தொழிலாளர் சட்ட விவகாரங்களிலேயே என் பணிக்காலம் கழிந்ததால் என் கருத்தைச் சொல்கிறேன்.

அந்நாட்டின் 2009-ஆம் ஆண்டு ஃபேர் வொர்க் சட்டப்படி, ஓராண்டு சர்வீஸ் முடித்தவருக்கு 4 வாரச் சம்பளம். நான்கு ஆண்டு முடித்தவருக்கு 8 வாரம். சிறு நிறுவனங்களுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. ஆனால் 120-ஆம் பிரிவின்படி, ஊழியருக்கு வேறு தகுந்த வேலை வாங்கிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, தொகையைக் குறைக்கும்படி முதலாளி ஃபேர் வொர்க் கமிஷனில் மனுச் செய்யலாம். கமிஷன் நினைத்தால் தொகையே இல்லை என்றும் ஆக்கலாம்.

"வேறு வேலைதான் கிடைத்துவிட்டதே, பணம் எதற்கு?" என்பார்கள். இதை நான் ஏற்பதில்லை. 1984-இல் அந்நாட்டு நடுவர் மன்றம் இந்த நஷ்டஈட்டை வகுத்தபோதே, வேலை போவதால் வரும் கஷ்டத்தோடு, சேர்த்து வைத்த சர்வீஸ் உரிமைகள் கைநழுவுவதையும் கணக்கில் கொண்டது. நான்கு வருஷம் உழைத்தவர் புதிய இடத்தில் முதல் நாளிலிருந்து தொடங்குகிறார். சேர்ந்திருந்த நோய் விடுப்பு போயிற்று. மறுபடி ஆட்குறைப்பு வந்தால் அந்தக் கணக்கும் புதிதுதான்.

நம் நாட்டில் 1953 முதல் உள்ள விதி, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் அதே அளவுதான். அடுத்த வாரமே வேறு வேலையில் சேர்ந்தார் என்பதற்காக அதைக் குறைப்பதில்லை. தொகை சிறிது, நியாயம் பெரிது.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். அங்கே முதலாளி தாமாகவே தொகையைப் பிடித்துக்கொள்ள முடியாது. கமிஷனின் உத்தரவு வேண்டும். பிள்ளை தானே அலைந்து பிடித்த வேலை, முதலாளி வாங்கிக் கொடுத்த வேலை ஆகாது. ஆகவே விண்ணப்பங்கள், கடிதங்கள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பழைய சர்வீஸை ஏற்கிறீர்களா என்று புதிய முதலாளியிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஏற்றால் நஷ்டமில்லை. ஏற்காவிட்டால் அதைக் கமிஷன்முன் எடுத்துச் சொல்லவேண்டும். சர்வீஸும் போய், அதற்குரிய பணமும் போவது எந்த ஊரிலும் நியாயமாகாது.