துப்பாக்கிக் கட்டைக்கு வார்னிஷ் வேண்டாம்

பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இடமுண்டு. அப்படி வைத்திருக்கும் விவசாயிகள் குழாயைத் துடைத்து எண்ணெய் போடத் தவறுவதில்லை. கட்டையைத்தான் மறந்துவிடுகிறார்கள். மழையும் பனியும் பட்டு அது வெளுத்துச் சொரசொரப்பான பிறகு, ஒரு டப்பா வார்னிஷ் வாங்கிப் பூசுகிறார்கள். இது சரியல்ல.

வார்னிஷ் மரத்தின் மேல் தோல் போல் படிகிறது. அடிபட்டால் அந்தத் தோல் விரியும். விரிசல் வழியே ஈரம் புகும். உள்ளே போன ஈரம் எளிதில் வெளியேறாது. ஆளிவிதை எண்ணெயோ மரத்துக்குள் ஊறி அங்கேயே காய்ந்து கெட்டிப்படுகிறது. தேங்காய் எண்ணெய் இப்படிக் காயாது, பிசுபிசுப்புதான் மிஞ்சும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் சீக்கிரம் காயும்.

குழாயில் மருந்தோ தோட்டாவோ இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே வேலையில் இறங்க வேண்டும். கட்டையை நைசான உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையில் தேய்க்க வேண்டும். இரும்பும் மரமும் சேரும் ஓரத்தில் தேய்க்கவே கூடாது. அங்கே மரம் குறைந்து இடைவெளி விழுந்தால், சுடும்போது இரும்பு பின்னால் இடித்துக் கட்டையைப் பிளந்துவிடும். பிறகு தூசி துடைத்து, சில சொட்டு எண்ணெயை உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. நான்கைந்து பூச்சு போதும். அவசரப்பட்டு மொத்தமாகப் பூசினால் பிசின் போல் ஒட்டும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வைக்கோலும் கூரையும் உள்ள வீட்டில் இது பேராபத்து. துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்து உலர்த்த வேண்டும்.

கைப்பிடிக்கு அருகே கட்டை மெலிந்த இடத்தில் கீறல் கண்டால் வஜ்ஜிரம் ஒட்டிச் சமாளிக்கக் கூடாது. அந்தத் துப்பாக்கியைச் சுடாமல், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே முறை. வீட்டில் செய்யத்தக்கது மரத்தின் மேல்வேலை மட்டுமே.

துப்பாக்கி இல்லாதவர்களுக்கும் இதில் பயன் உண்டு. மண்வெட்டி, கோடரிக் காம்புகளுக்கும் இதே எண்ணெய்தான் ஏற்றது. ஆண்டுக்கொரு முறை பூசினால் காம்பு வெடிக்காது, கையும் கொப்பளிக்காது.