1960இல் போட்ட 50 ரூபாய்



பொங்கல் வந்தால் சேவல் சண்டை வீடியோக்களும் வந்துவிடுகின்றன. நம் பிள்ளைகள் சிலரும் பகிர்ந்திருந்தீர்கள். அதனால் ஒரு கணக்கு.

விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதும், அதற்குக் களம் நடத்துவதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம். முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அன்று 50 ரூபாய் பெரிய பணம். இன்று ஆவடி மார்க்கெட்டில் அரைக் கிலோ கோழிக்கறி கூட வராது!

தண்டனை போதாது, நாடாளுமன்றம் திருத்த வேண்டும் என்று 2014 ஜல்லிக்கட்டு தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022இல் மத்திய அரசு திருத்த வரைவு வெளியிட்டு மக்கள் கருத்தும் கேட்டது. அது இன்னும் சட்டமாகவில்லை.

"நம்ம பாரம்பரியம்தானே சார்?" என்பீர்கள். உறையூருக்குக் கோழியூர் என்ற பெயர் உண்டு. யானையை வென்ற சேவலின் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சேவலின் காலில் யாரும் கத்தி கட்டவில்லை, அதன் மேல் பந்தயமும் கட்டவில்லை. 2021இல் தெலங்கானாவில் அப்படிக் கட்டிய கத்தி பாய்ந்து ஒரு மனிதரே இறந்தார்.

ஆசையாகச் சேவல் வளர்ப்பவரை நான் குறை சொல்லவில்லை. களம் போட்டுக் காசு பார்ப்பவருக்கு உறைக்கிற தண்டனை வேண்டும். நம் திருவள்ளூர் தொகுதி எம்.பி.க்கு ஆளுக்கு ஓர் அஞ்சல் அட்டை எழுதுங்கள். அந்த வீடியோக்களைப் பகிராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார், சேக்காடு