மூக்குக்கண்ணாடியைப் பேணுதல்

மூக்குக்கண்ணாடி பெரும்பாலும் அதனைத் துடைக்கும் கையாலேயே கெடுகின்றது. வேட்டித் தலைப்பாலும் சேலை முன்றானையாலும் நீரின்றித் துடைப்பது பலர்க்கு வழக்கம். தூசியில் நுண்மணல் கலந்துள்ளது. கடினத்தைக் காட்டும் மோஸ் அளவையில் மணலின் குவார்ட்சு 7. கண்ணாடி ஏறத்தாழ 5.5. இக்காலத்துப் பிளாஸ்டிக் வில்லையோ இன்னும் மென்மையானது. ஆதலின், தூசியோடு துடைத்தல் உப்புத்தாளால் தேய்த்தலை ஒக்கும். கீறிய வில்லையில் ஒளி சிதறும்; இரவில் எதிர்வரும் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யும்.

எனவே, முதலில் குளிர்ந்த நீரால் தூசியைக் கழுவுதல் வேண்டும். பின்னர் ஒரு துளி சோப்புநீரிட்டு, விரல் நுனியால் மெல்லத் தேய்த்து அலசி, தூய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தல் நன்று. மிகு வெப்பம் மேற்பூச்சைக் கெடுக்கும். ஆதலால், வெந்நீர் ஆகாது. வெயிலில் நிற்கும் காரினுள் குளிர்கண்ணாடியை விட்டுச் செல்லுதலும் ஆகாது. இதற்கென ஒரு நிமிடம் செலவிடச் சோம்புவோர் பார்வையின் தெளிவையே இழப்பர்.